பொட்டு வைத்த பெட்டிகள்

ஆயுத பூசைக்கு லீவு போட்டுவிட்டு ஊருக்குப் போனது ஒரு குற்றமா? கல்பாத்தியிலிருந்து கிளம்பி, பஸ் மாறி பஸ் ஏறி, வண்டிப்பெரியாரில் இறங்கி, ஜீப்பில் குலுங்கிக்கொண்டு எஸ்டேட்டுக்கு வந்து சேரும்வரை ஸ்ரீரஞ்சனி இதையேதான் கேட்டுக்கொண்டிருந்தாள். வீட்டில் கொலு முன்னால் நிம்மதியாக உட்கார்ந்து ஒருவாய் சுண்டல் சாப்பிட விட்டார்களா? கையில் போன், போனில் பன்னிரண்டு பச்சைப் புள்ளி. பூசைக்கு மறுநாள் ஒரு புள்ளி சாம்பல் நிறமானது. அடுத்து இன்னொன்று, பிறகு இரண்டு சேர்ந்தாற்போல. ஜீப் எஸ்டேட் கேட்டுக்குள் நுழைந்தபோது கடைசிப் பச்சையும் போய்விட்டது.

அந்தப் பன்னிரண்டும் அவள் கையால் நட்டவை. எஸ்டேட்டின் மேல் டிவிஷனில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு நேர் மேலே இருக்கும் சரிவில், இரும்புக் குழாயின் தலையில் உட்கார்ந்திருக்கும் பெட்டிகள். சாப்பாட்டு டப்பா அளவுதான் இருக்கும். அடியில் மண்ணுக்குள் இறங்கும் ஒரு கம்பி. மண் எவ்வளவு நனைந்திருக்கிறது, எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்து, வயர் எதுவும் இல்லாமல் கீழே லயத்து மூலையில் தனிப் பேட்டரியோடு நிற்கும் பெரிய பெட்டிக்குச் சொல்லும். மலை நகர்கிறது என்று இரண்டு பெட்டி ஒன்றுபோலச் சொன்னால் பெரிய பெட்டியின் தலையில் இருக்கும் சைரன் ஊளையிடும். லயத்து ஜனம் எழுந்து ஸ்கூலுக்கு ஓட வேண்டும். இந்தப் பெட்டிகளுக்குச் சோறு சூரிய வெளிச்சம். ஒவ்வொன்றின் தலையிலும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சோலார் தகடு.

“மேகமா இருக்கும் ரஞ்சனி,” என்றார் போனில், பாலக்காட்டு ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்திருந்த சுதீப். அவளுக்கு மேலதிகாரி. “துலா மழை ஆரம்பிச்சாச்சு இல்லையா? பேசாம ஒரு வயர் இழுத்துட்டா என்ன?”

வயர்! இந்த வார்த்தையைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். செடி கழிக்கும் கவாத்துக் கத்தி வெட்டும், காட்டுப்பன்றி கடிக்கும், இடி இறங்கினால் மொத்தமும் கருகும், அதனால்தான் வயரே கூடாது என்று அறிக்கையில் எழுதிக் கையெழுத்துப் போட்டவரே அவர்தான். இப்போது ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு வயர் என்கிறார். மேகம் என்றால் எல்லாம் ஒன்றாக அல்லவா மங்க வேண்டும்? அவளுக்கு மண்டை காய்ந்தது.

நல்ல காலம், அவளிடம் ஒரு பை இருந்தது. முதுகில் மாட்டும் பெரிய பை, உள்ளே கனத்த பேட்டரி, வெளியே தோசைக்கல்போல வட்டமாக ஒரு தட்டு. பெட்டிகளைத் திறக்கவே முடியாது. முந்தின வருஷப் பெட்டிகளில் ஆணி வழியாகத் தண்ணீர் இறங்கி நாசமானதால் இந்த முறை ஒரு துளைகூட இல்லாமல் ஒட்டிவிட்டார்கள். அந்தத் தட்டைப் பெட்டியின் வயிற்றோடு ஒட்டிப் பிடித்தால் போதும், கரண்ட் பிளாஸ்டிக்கைத் தாண்டித் தானாக உள்ளே போகும். பையை நிறைத்துவைத்தால் பன்னிரண்டு பெட்டிக்கும் போதும். ஊருக்குப் போகும்போது அதை நிறைத்து, எஸ்டேட்டின் அசிஸ்டண்ட் மானேஜர் ஜிபியிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள்.

ஜிபியின் ஆபீசில் நுழைந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். வட்டத் தட்டின் மேல் ஜிபியின் விலையுயர்ந்த போன் சொகுசாகப் படுத்திருந்தது. பையின் பக்கவாட்டிலிருந்து கொத்தாக வயர்கள் தொங்கின. ஒரு எமர்ஜென்சி லைட், யாருடையதோ இரண்டு போன், ஒரு ஷேவிங் மிஷின்.

“ரெண்டு நாளா கரண்ட் இல்லல்லோ மேடம்,” என்றான் ஜிபி, பல்லெல்லாம் தெரிய. கோட்டயத்துக்காரன், எஸ்டேட்டுக்கு வந்துதான் தமிழ் படித்தான். “மேடத்தோட பேக் வல்லாத்த சாதனம். வயர் இல்லாம தன்னே சார்ஜ் ஆகுது. ஸ்டாஃப் குவார்ட்டர்ஸ் மொத்தம் இதுலதான் ஓடுது.”

பையின் ஓரத்தில் ஐந்து விளக்கு எரிய வேண்டிய இடத்தில் ஒரே ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

“நான் என்னவாக்கும் சொல்லிட்டுப் போனேன்? இதைத் தொடப்படாதுன்னு சொன்னேனா இல்லையா?”

“மேடம் பெட்டியைத் தொடக்கூடாதுன்னு சொன்னது. இது பேக் அல்லே?”

அவனிடம் வாயைக் கொடுத்து என்ன ஆகப்போகிறது? ஷேவிங் மிஷினைப் பிடுங்கி அவன் மேஜை மேல் போட்டாள். பையை முதுகில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். இன்று ராத்திரிக்குக் கனத்த மழை என்று மாவட்டம் முழுக்க எச்சரிக்கை கொடுத்திருந்தார்கள். மேற்கே வானம் ஏற்கெனவே கறுத்துக்கொண்டு வந்தது.

மேல் டிவிஷன் சூப்பர்வைசர் பெரியமுத்து கையில் பிளாஸ்டிக் படுதாவோடு காத்திருந்தார். ஐம்பது தாண்டிய மனிதர், அளந்து பேசுகிறவர். “எப்பம்மா வந்தீக? பூசை எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதா?” என்றார்.

“ஆச்சு அண்ணா. அதைப் பின்னாடி பேசலாம். முதல்ல மேல போகலாம் வாங்கோ.”

தேயிலைக்கு நடுவே போன ஒற்றையடிப் பாதையில் அட்டை காலில் ஏறுவதைக்கூடக் கவனிக்காமல் விறுவிறுவென்று ஏறினாள். முதல் பெட்டி கண்ணில் பட்டது. கிட்டே போய்க் குனிந்தாள்.

பெட்டியின் தலையில் இருந்த சோலார் தகடு முழுக்க மஞ்சளாக மூன்று பட்டை. நடுவில் சிவப்பாக, எட்டணா அகலத்துக்குப் பொட்டு. பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது, அதுதான் வயிற்றெரிச்சல். விரலால் தேய்த்துப் பார்த்தாள். போகவில்லை. நகத்தால் சுரண்டினாள். நகம்தான் போனது.

“இது என்னதாக்கும்?”

“பொட்டும்மா,” என்றார் பெரியமுத்து.

“பொட்டுன்னு எனக்கும் தெரியறது அண்ணா. எதுல வச்சேள்?”

“பெயிண்டுல. சந்தனம்னா மழையில கரைஞ்சிருமுல்லா. லாரிக்கு அடிக்கிற நல்ல பெயிண்டு. எத்தன மழை பெஞ்சாலும் போகாது.” அவர் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

“பன்னிரண்டுக்குமா?”

“ஒண்ண விட்டு ஒண்ணுக்கு வைக்கலாமா?”

அதற்குப் பிறகு ஸ்ரீரஞ்சனி போட்ட சத்தம் சரிவுக்கு அந்தப் பக்கம் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்களுக்கும் கேட்டது. கூடையும் பிளாஸ்டிக் கச்சையுமாக நாலைந்து பேர் வந்து நின்றார்கள். முன்னால் சின்னத்தாய். லயத்தில் அவள் வைத்ததுதான் சட்டம். பஞ்சாயத்து மெம்பரே அவளிடம் கேட்டுவிட்டுத்தான் மீட்டிங் வைப்பார். ஸ்ரீரஞ்சனி வாயைத் திறந்தால் ‘கேட்டேளா, கேட்டேளா’ என்று வருகிறதே என்று அவளுக்குக் கேட்டேளாம்மா என்று பெயர் வைத்தவளும் இவள்தான்.

“என்ன கேட்டேளாம்மா, ஊர்ல இருந்து வந்ததும் வராததுமா இந்த மனுசனப் போட்டு ஏசுதீக?”

“அக்கா, இதெல்லாம் செத்துக் கிடக்கறது, கேட்டேளா! உங்க பெயிண்டால செத்துக் கிடக்கறது!”

“பொட்டு வச்சா சாவுமா? நல்லாருக்கே கதை! பாக்டரியில ரோலருக்கு வைக்கோம், டிராக்டருக்கு வைக்கோம், கவாத்துக் கத்திக்கு வைக்கோம். அதெல்லாம் செத்தா போச்சு? நீங்கதான மீட்டிங்குல சொன்னீக, இந்தப் பொட்டி உங்க உசுரக் காப்பாத்தும்னு. உசுரக் காப்பாத்துறதுக்குப் பொட்டு வைக்காம வேற எதுக்கு வைப்பாக?”

“வச்சதுதான் வச்சேள், குழாய்ல வைக்கப்படாதோ? பின்னாடி வைக்கப்படாதோ?”

“முதுகுல பொட்டு வைக்கிற வழக்கம் உங்க ஊர்ல இருக்கோ என்னமோ. அந்தக் கண்ணாடிதான அதுக்கு மொகம்?” என்றாள் சின்னத்தாய். மற்றப் பெண்கள் சிரித்தார்கள்.

அது முகம் இல்லை, வாய், வெளிச்சத்தைத் தின்னும் வாய் என்று யாராவது சொன்னால்தானே தெரியும்? அந்த யாராவது யார் என்று யோசிக்க ஸ்ரீரஞ்சனிக்கு அப்போது நேரமும் இல்லை, மனசும் இல்லை. தலையில் அடித்துக்கொண்டு மேலே ஏறினாள்.

ஏழாம் பெட்டிக்கும் எட்டாம் பெட்டிக்கும் நடுவே சரிவின் குறுக்கே ஒரு வெடிப்பு ஓடுகிறது. போன மாதம் பார்த்தபோது அதில் விரல் நுழையும். இப்போது குனிந்து கையை வைத்தாள். மணிக்கட்டுவரை உள்ளே போனது. உள்ளே மண் குளிர்ந்து, கூழாக இருந்தது. நிமிர்ந்து கீழே பார்த்தாள். இதற்கு நேர் கீழே லயம். வரிசையாக வீடுகள், கொடியில் துணி, ஆட்டுக்கொட்டில், வாசலில் ஓடிப்பிடித்து விளையாடும் குழந்தைகள்.

பையில் மிச்சம் இருக்கும் கரண்டைப் பன்னிரண்டுக்குப் பங்கு போட்டால் ஒன்றுகூட எழுந்திருக்காது. இரண்டு பெட்டி ஒத்துச் சொன்னால்தான் சைரன் என்பதால் ஒன்றுக்கு மட்டும் கொடுத்தும் பிரயோஜனமில்லை. அந்த விதியை எழுதியவளும் அவளேதான். போன மழையில் ஒரே ஒரு பெட்டி சொன்னதை நம்பி சைரன் ஊதிவிட்டது. லயமே நனைந்துகொண்டு ஓடியது. விடிந்து பார்த்தால் குழாயில் காட்டுப்பன்றி முதுகு சொறிந்துவிட்டுப் போயிருந்தது. அன்றைக்கு இவர்கள் சிரித்த சிரிப்பு இன்னும் அவள் காதைவிட்டுப் போகவில்லை.

“ஏழும் எட்டும்தான்,” என்றாள். “அண்ணா, மண்ணெண்ணெய் கிடைக்குமா?”

பெரியமுத்து ஒரு பெண்ணை லயத்துக்கு விரட்டி ஒரு பாட்டில் கொண்டுவரச் செய்தார். மழை பிடித்துக்கொண்டது. ஸ்ரீரஞ்சனி வட்டத் தட்டை ஏழாம் பெட்டியின் வயிற்றில் அணைத்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவளுக்கு மேலே படுதாவைப் பிடித்தபடி, இன்னொரு கையால் தான் ஆசையாக வைத்த பொட்டைத் தானே தேய்த்து எடுத்தார் பெரியமுத்து. எடுக்கும்போது அவர் முகம் போன போக்கைப் பார்க்க அவளுக்குக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது. தட்டைப் பிடித்த கை மரத்துப்போயிற்று. இடையில் சுதீப் போன் செய்தார். அவள் எடுக்கவில்லை.

எட்டாம் பெட்டிக்குக் கரண்ட் பாதி ஏறும்போதே பையின் கடைசி விளக்கும் அணைந்தது. போனில் இரண்டு பச்சைப் புள்ளி வந்தது என்னவோ உண்மை. காலைவரை தாங்குமா என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. பாதி ராத்திரியில் ஒன்று படுத்துவிட்டால் மற்றது தனியாகக் கத்தியும் பலனில்லை. அப்புறம் சைரன் வாயைத் திறக்காது, மலை மட்டும் வரும்.

இருட்டத் தொடங்கும் நேரத்துக்கு லயத்துக்கு வந்து சேர்ந்தாள். ஒவ்வொரு வாசலிலும் நின்று கெஞ்சினாள். “இன்னிக்கு ஒரு ராத்திரி ஸ்கூலுக்குப் போயிடுங்கோ. மேல வெடிப்பு பெரிசாயிருக்கு. பெட்டியை நம்ப முடியாது.”

சின்னத்தாய் அடுப்பைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னாள். “சத்தம் வரலையே?”

“அதான் அக்கா, வராமலே போயிடலாம்னாக்கும் சொல்றேன்!”

“நீங்கதானம்மா சொன்னீக? சத்தம் வந்தா கையில இருக்கிறதப் போட்டுட்டு ஓடுங்க, சத்தம் வரலைன்னா பயப்படாமத் தூங்குங்கன்னு. இந்தா, பேப்பர்ல அச்சடிச்சே குடுத்தீகளே, செவுத்துல ஒட்டிருக்கோம் பாருங்க.”

இருந்தது. சுவரில், நாள்காட்டிக்குப் பக்கத்தில், அவளே வாசகம் எழுதி அச்சடித்துக் கொடுத்த மஞ்சள் தாள். சத்தம் இல்லை என்றால் அபாயம் இல்லை. இதை எழுதிய கையை வெட்டினால் என்ன என்று தோன்றியது. பெட்டி செத்தாலும் சத்தம் வராது என்று ஒரு வரி சேர்த்திருந்தால் என்ன குறைந்திருக்கும்?

“மெம்பரும் போன் பண்ணாரு,” என்றாள் சின்னத்தாய். “அவருக்கும் இதத்தான் சொன்னேன். அந்த ஸ்கூல்ல ஒழுகாத மூலை கிடையாது. போன தடவ பன்னி சொறிஞ்சதுக்கு ஓடிப்போய்ப் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்ததுதான் மிச்சம். பொட்டி சொல்லட்டும், போறோம். நீங்க சொன்னா எப்படிப் போறது?”

அவளைவிட அவள் செய்த பெட்டிக்கு மரியாதை! சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் வெளியே வந்தாள். ஓட்டில் மழை தபதபவென்று விழுந்தது. எதிர் வாசலில் ஒரு குழந்தை கட்டிலில் ஏறி நின்றுகொண்டு அம்மாவிடம் தலைவாரிக்கொள்ள மறுத்து அடம்பிடித்துக்கொண்டிருந்தது. ஸ்ரீரஞ்சனி அதைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு நேராக லயத்து மூலைக்குப் போய்ப் பெரிய பெட்டியின் பூட்டைத் திறந்தாள். உள்ளே, சோதித்துப் பார்ப்பதற்காக வைத்திருந்த சிவப்புப் பொத்தான் இருந்தது.

அமுக்கினாள்.

சைரன் ஊளையிட்டது. திரும்பிப் பார்த்தால் பெரியமுத்து படுதாவைப் போர்த்திக்கொண்டு பின்னால் நின்றிருந்தார். அவளுடைய விரல் பொத்தான்மேல் இருந்ததை அவர் பார்த்தார். பார்த்துவிட்டு, லயத்துப் பக்கம் திரும்பி, அடித்தொண்டையில் கத்தினார். “ஏ, சத்தம் வந்துட்டு! ஓடுங்க! எதையும் எடுக்காதீக, ஓடுங்க!”

சும்மா சொல்லக்கூடாது, ஓடுவதில் இவர்களை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அடுப்பை அணைத்து, பிள்ளைகளை இடுப்பில் தூக்கி, வயசானவர்களைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு, ஆடுகளையும் அவிழ்த்துவிட்டு, எல்லோருக்கும் முன்னால் சின்னத்தாய்.

காலையில் மழை விட்டிருந்தது. ஸ்கூல் மேட்டில் நின்றால் லயத்தின் ஓடும் அதற்கு மேலே சரிவும் நன்றாகத் தெரியும். சரிவு போட்டது போட்டபடி பச்சையாக, சாதுவாக உட்கார்ந்திருந்தது. யாரோ ஸ்ரீரஞ்சனியின் கையில் ஒரு தம்ளர் பால் விடாத கட்டன் சாயா கொடுத்தார்கள். சாயாவைக் கொடுத்த கையோடு எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள்.

“திரும்பவும் பொய்ச் சத்தம்!”

“புத்தி பெரண்டு போச்சு அந்த மெஷினுக்கு. கழத்திக் கொண்டுட்டுப் போயிருங்கம்மா.”

“இனிமே அது என்ன கத்துனாலும் நான் போர்வைய விட்டு எந்திரிக்க மாட்டேன், பாத்துக்கோங்க.”

பொத்தானை அமுக்கியது யார் என்று தெரிந்தவர் பெரியமுத்து ஒருத்தர்தான். தூணில் சாய்ந்துகொண்டு அவளையே பார்த்தார். அவள் பேசாமல் இருந்தால் பழி மெஷின் தலையில் விழும். அடுத்த தடவை அது உண்மையாகவே கத்தும்போது ஒருத்தரும் எழுந்திருக்க மாட்டார்கள். எழுந்திருக்காவிட்டால் எதற்காக அட்டைக்கடி வாங்கினாள், எதற்காக இத்தனை பாடு?

“மெஷின் கத்தலை,” என்றாள். “நானாக்கும் பொத்தானை அமுக்கினேன்.”

சின்னத்தாய் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

“நீங்களா?” என்றாள் சின்னத்தாய்.

“நான்தான். சொன்னாக் கேட்டேளா நீங்க? அதான்.”

“அப்போ பொட்டி பொய் சொல்லல?”

“பொட்டி எங்கே சொல்றது? பத்துப் பொட்டி பட்டினியாக்கும் கிடக்கறது—”

“அதக் கேக்கல. பொய் சொல்லுச்சா, சொல்லலையா?”

“சொல்லலை.”

சின்னத்தாயின் முகம் மலர்ந்துவிட்டது. “நான் அப்பவே சொன்னேம்லா! நம்ம பொட்டி பொய் சொல்லாதுன்னு! பொய் சொன்னது இந்தப் பிள்ளைதான்!” சுற்றி நின்றவர்களுக்கும் போன உயிர் வந்ததுபோல் ஆயிற்று. மெஷின் தப்பித்துவிட்டது. அவள் மாட்டிக்கொண்டாள். ராத்திரி முழுக்க ஒழுகல் மூலையில் குந்தியிருந்த கோபமெல்லாம் இப்போது அவள்மேல் திரும்பியது. ஒவ்வொருத்தியும் வாயில் வந்ததைச் சொல்லிக்கொண்டே பாயைச் சுருட்டினாள், பிள்ளையைத் தூக்கினாள்.

“எங்கே கிளம்பறேள்? இன்னும் போகப்படாது. மண்ணு ஊறிக் கிடக்கறது. மழை விட்டப்புறம்தான் ஜாஸ்தி பயம், கேட்டேளா!” படியை மறித்துக்கொண்டு நின்றாள்.

“போதும்மா, உங்க பேச்சக் கேட்டது போதும்.” சின்னத்தாய் அவளுடைய மணிக்கட்டை இறுகப் பிடித்தாள். உழைத்த கை, விடுவித்துக்கொள்ள முடியவில்லை. “நீங்களும் வாங்க கீழ. மண்ணெண்ணெய் ஊத்திப் பத்துப் பொட்டியவும் நாங்களே தொடச்சுத் தாரோம். அது உசுரோட எந்திரிச்சு, அது சொல்லட்டும். அது சொன்னாப் போறோம், வாறோம். உங்கள எவ நம்புவா இனிமே?” இழுத்துக்கொண்டு முதல் படியில் காலை வைத்தாள். தம்ளரில் இருந்த சாயா ஸ்ரீரஞ்சனியின் சுடிதாரில் சிந்தியது. அவளுக்கு ஆத்திரத்தில் கண்ணில் தண்ணீர் முட்டியது.

கீழே, ஆள் அரவமில்லாத லயத்து மூலையிலிருந்து, சைரன் ஊளையிட்டது.

எல்லோரும் ஒரே நேரத்தில் ஸ்ரீரஞ்சனியைத் திரும்பிப் பார்த்தார்கள். அவளுடைய ஒரு கையில் சாயாத் தம்ளர். இன்னொரு கை சின்னத்தாயின் பிடியில். பெரியமுத்து தூணை விட்டு நகரவே இல்லை.

சின்னத்தாய் தான் பிடித்திருந்த கையைக் குனிந்து ஒருமுறை பார்த்தாள். பிறகு படியில் வைத்த காலை எடுத்து மேலே வைத்தாள். “ஒருத்தரும் எறங்காதீக,” என்றாள். “பொட்டி சொல்லுது.”

மேலே தேயிலைச் செடிகள் வரிசை கலையாமல் மெள்ள நகர ஆரம்பித்தன. லாரியில் கல் கொட்டுவதுபோல ஒரு சத்தம் வந்தது. லயத்து ஓடுகள் கண்ணுக்கு முன்னால் ஒவ்வொரு வரிசையாக மண்ணுக்குள் போயின. பிள்ளைகள் அழுதன. ஸ்ரீரஞ்சனி போனைப் பார்க்கவில்லை, ஏழும் எட்டும் இன்னும் பச்சையா என்று பார்க்கக் கையும் இல்லை. சைரன் பாதி ஊளையில் நின்றுபோன பிறகும் சின்னத்தாய் அவளுடைய மணிக்கட்டை விடவில்லை.